சேலம் விவசாயியின் மனைவி

எங்கள் கிளினிக்குக்கு வந்த ஆண்களில் ஒருவனுக்குக்கூடத் தன் பெயர் தெரியாது. "பெயர்?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பான், பிறகு யாரோ ஒருவனுடைய பெயரைச் சொல்வான். நான் ஆரோக்கியமேரி, நர்ஸ். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் டாக்டர் சுந்தரராமனிடம் பதினாறு வருஷம் ஊசி போட்டேன். வாசல் போர்டில் 'தோல் நோய் நிபுணர்' என்று இருக்கும். சொறி சிரங்குக்கும் ஆட்கள் வருவார்கள். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, படியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறி வருகிறவர்களுக்கு வந்தது சிரங்கு இல்லை. மேக நோய், போன இடத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. முக்கால்வாசி வெட்டை, டாக்டர் பாஷையில் கொனோரியா.

அது எப்படி வந்தது என்பதையும் ஒருவன் நிஜமாகச் சொன்னதில்லை. பஸ் சீட் சூடாக இருந்ததாம். சினிமாக் கொட்டகைக் கக்கூஸாம். மாம்பழம் நிறையத் தின்றதில் உஷ்ணமாம். ஒரு காலேஜ் வாத்தியார், உப்பு மூட்டையின் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே கொதிக்கிற தண்ணீரிலிருந்து சிரிஞ்சை எடுப்பேன். இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர்கள் போகிற இடத்தில் கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

எழுபத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவன் வந்தான். வயது முப்பத்தைந்து இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதில் பென்சில்.

"பேரு ஜவஹர். ஊரு சேலம். விவசாயம்" என்றான்.

சேலத்தில் காதில் பென்சில் செருகிக்கொண்டுதான் நாற்று நடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி எழுதிக்கொண்டேன். ஆள் மேல் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. பேச்சு சுத்தத் திருநெல்வேலி. டாக்டர் பார்த்துவிட்டு ஐந்து நாள் பென்சிலின் எழுதினார். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வேலைக்காரி தேவானை வாளியும் துணியுமாக உள்ளே வந்தவள், அவனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை. தரை துடைக்கிறவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவனைப் போன்றவர்களுக்குக் கிடையாது.

தேவானைக்குச் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் குடிசை. காலையில் உஸ்மான் ரோடு பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் எங்களிடம் வருவாள். அவன் போன பிறகு வந்தாள்.

"இன்னா சிஸ்டர், இவன் பேரு ஜவஹரா? நான் பாத்திரம் தேய்க்கிற ஊட்டு மொதலாளி சிஸ்டர் இவன். கருணாகரன். துணிக்கடை வச்சிக்கினு கீறான். இவன் சேலத்தக் கண்டானா? சரக்கு எடுக்கறேன்னு மாசா மாசம் பம்பாய்க்குத்தான் போய்க்கினு வந்துக்கினு கீறான்."

"எடுத்துக்கினு வந்த சரக்கு இதுதான்" என்றேன்.

"அவன் பொண்டாட்டி சுந்தரவல்லி தங்கமான பொண்ணு சிஸ்டர்" என்று தேவானை முனகிக்கொண்டே தரையைத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் ஊசி முடிந்ததும் அவனிடம் சொன்னேன். "உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. அவங்களுக்கும் ஊசி போடணும்."

அவனுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாள் கூனிக் குறுகி வந்தவன் நிமிர்ந்துவிட்டான்.

"என்ன பேச்சு பேசுதிய? எம் பொண்டாட்டி வாசப்படி தாண்டாதவ. கோயில விட்டா வீடு, வீட்ட விட்டா கோயிலு. அவளுக்கு எப்படி இது வரும்?"

"அவங்க தாண்ட வேணாம். நீங்க தாண்டினதே போதும். அங்கேருந்து நீங்கதான் கொண்டாந்து குடுத்துக்கினு கீறீங்க."

"குடும்பப் பொம்பளைக்கு இதெல்லாம் ஒட்டாது சிஸ்டர். அவ வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவ."

விரதம் இருக்கிறவள் என்று தெரிந்து கிருமி வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினான். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் கடையும் நடத்துகிறான், நான்கு பேருக்குப் புத்தியும் சொல்கிறான். நான் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நிரோத் உறை பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அதைச் சர்க்கார் அப்போது மளிகைக் கடை வரைக்கும் கொண்டுவந்திருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரையாத சுவர் ஊரில் இல்லை. எங்கள் சுவரிலும் ஒரு படம் ஒட்டியிருந்தோம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அவன் பாக்கெட்டைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "இது குடும்பக் கட்டுப்பாடுல்லா? கலியாணமாகி அஞ்சு வருசம், ஒரு புள்ள இல்லாம நாங்க தவிச்சிக்கிட்டுக் கெடக்கோம். இதக் கொண்டுபோய் வீட்டுல வச்சா வெளங்குமா?"

"வீட்டுக்கு இல்ல. பம்பாய்க்கு."

நான் பம்பாய் என்றதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. "பம்பாயில எதுக்கு? அங்கன நான் என்ன குடும்பமா நடத்துதேன்?" என்று கேட்டான்.

இவன் ஒருவனைச் சொல்லிக் குற்றமில்லை. படித்தவன், படிக்காதவன், பட்டை போட்டவன், நாமம் போட்டவன், பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். படத்தில் குடும்பம் இருக்கிறது, ஆகவே அது குடும்பத்தில் உபயோகிக்க வேண்டிய சாமான். வெளியே போகிற இடத்தில் ரேஷன் கார்டு இல்லை, பிள்ளைக்கு ஸ்கூல் பார்க்க வேண்டியதில்லை, அங்கே எதற்கு? இப்படி யோசித்து, கட்டின பெண்டாட்டியிடம் உறை போட்டுக்கொண்டு, ஊரார் எல்லோரிடமும் வெறுமனே போய்விட்டு வருகிற புத்திசாலிகளும் இருந்தார்கள். நான் நோய்க் கதையை விளக்கிச் சொன்னேன். அவன் தலையாட்டினான். பாக்கெட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

சித்திரையில் திரும்பி வந்தான். அதே ஜவஹர், அதே சேலம். ஆனியில் மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் ஐந்து ஊசி போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் குளித்தவன் மாதிரி புதிதாகக் கிளம்பிப் போனான். பெண்டாட்டியைக் கூட்டி வரவே இல்லை. நான் டாக்டரிடம் சொன்னேன்: இவன் பெயர் இது, வீடு இது, அந்தப் பெண்ணை யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா?

"மேரி, பேஷண்ட் சொன்ன பேர்தான் நமக்குப் பேர்" என்றார் டாக்டர் சுந்தரராமன். "அவா ஆத்து விஷயத்துல தலையிடறது நமக்கு அழகில்லே. ரகசியம் காப்பாத்தறதுதான் வைத்தியனுக்கு தர்மம்." சொல்லிவிட்டுக் காரில் ஏறி மயிலாப்பூருக்குப் போய்விட்டார். தர்மத்தை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு ராத்திரி மோர் சாதம் சாப்பிட்டிருப்பார்.

ஆடி மாதம் ஒரு நாள் தேவானை வாளியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு அடிவயித்தப் புடிச்சிக்கினு குந்திக்கினே கீது. அனலாக் கொதிக்குது ஒடம்பு. அந்த ஜொரத்தோட வெடிகாலைல தலைக்கு ஊத்திக்கினு ஈரப்பொடவையோட அரசமரத்தச் சுத்துது. நாப்பத்தெட்டு நாளு சுத்தணுமாம், புள்ள பொறக்க. இன்னொரு பக்கம் இவனுக்கு ஊர்ல வேற பொண்ணு பாத்துட்டாங்க. இத்த மலடின்னு சொல்லி அத்து உட்டுடுவாங்களாம்."

"நாளைக்கே கூட்டிக்கினு வா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கருணாகரன் கடையில் இருந்த நேரத்தில் தேவானை அவளைக் கைத்தாங்கலாக மாடியேற்றிக் கூட்டி வந்தாள். இருபத்துநான்கு வயது. நல்ல உயரம். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது. பெயர் கேட்டேன். கூரையைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்க்கவில்லை.

"சுந்தரவல்லி" என்றாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்பேர்ப்பட்ட மரியாதை அவனுக்கு. தேவானைதான் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். அந்த ரிஜிஸ்டரில் நான் எழுதிய நிஜப் பெயர்கள் அநேகமாக அவ்வளவுதான்.

டாக்டர் பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார்: "ரொம்ப நாள் விட்டுட்டா. கர்ப்பக் குழாய் வரைக்கும் ஏறியிருக்கு. பத்து நாள் விடாம ஊசி போடணும். நடுவுல விட்டா ஆபத்து." அவளிடம் போய், "ஒண்ணுமில்லேம்மா, உடம்புச் சூடு. பத்து ஊசி போட்டுண்டா சரியாப்போயிடும்" என்றார். சூடாம். அவ்வளவு படித்தவரும் கடைசியில் பஸ் சீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஊசி போடும் அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் அவளுக்கு உள்ளதைச் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். யாரிடமிருந்து வந்தது என்று சொன்னேன். பதினாறு வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான். இந்த மாதிரி எத்தனை பெண்களுக்குத் தெரியாமல் போனதோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உறைக்க இவ்வளவு நாளானதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அவள் அழவில்லை. "அவியளுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தைமாசத்துலேருந்து தெரியும்."

"என்னயும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னியளா?"

"மூணு வாட்டி சொன்னேன்."

"அப்ப நான் எதுக்கு அந்த மரத்தச் சுத்துனேன்?" என்றாள். பிறகு திரும்பிப் படுத்து, "போடுங்க சிஸ்டர்" என்றாள்.

ஆறு நாள் வந்தாள். காய்ச்சல் இறங்கியது, முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. ஆறாம் நாள் அவள் எங்கள் படியிறங்கியதைக் கருணாகரன் கடை ஆள் ஒருவன் பார்த்துவிட்டான். வேறு ஒருவனாக இருந்தால் குட்டு உடைந்ததென்று பயந்திருப்பான். கருணாகரனோ வியாபாரி. மழையில் நனைந்த துணியையும் தள்ளுபடி விற்பனை என்று தள்ளிவிடத் தெரிந்தவன். பெண்டாட்டியை அறையில் வைத்துப் பூட்டினான். மாமனாருக்குத் தந்தி அடித்தான். 'உங்கள் மகள் போகக் கூடாத டாக்டரிடம் போகிறாள். என்ன நடத்தை என்று வந்து பார்க்கவும்.' மலடி என்று விரட்டினால் ஊரில் நான்கு பேர் அவளுக்காக இரக்கப்படலாம். இப்படி விரட்டினால் ஒரு நாய் திரும்பிப் பார்க்காது. நான்கு ஊசி பாக்கி இருக்க, அவள் பூட்டிய கதவுக்குள் கிடந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் திரும்பிவிட்டதாகத் தேவானை வந்து அழுதாள்.

திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரிகளுக்குத் தியாகராய நகரில் ஒரு சங்கம் உண்டு. பங்காளிச் சண்டை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். தலைவர் கனகராஜ் அண்ணாச்சி, பாத்திரக்கடைக்காரர். எங்கள் கிளினிக் இருந்த கட்டடமும் அவருடையதுதான். "அந்தப் பொண்ணு வந்து போனதுக்கு ஆதாரம் வேணும், ரிஜிஸ்டரைக் கொடுத்தனுப்புங்க" என்று அவர் ஆள் அனுப்பியதும் டாக்டர் ரெக்ஸின் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். ஆண் பேஷண்ட் என்றால் ரகசியம். பெண் பேஷண்ட் என்றால் கட்டட முதலாளி கேட்டால் கொடுத்துவிட வேண்டியது.

"கேட்டதைக் காட்டிட்டு வந்துடு மேரி. வாயைத் திறக்காதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரக்கடை மாடி. ஐந்து நாற்காலிகளில் ஐந்து பெரிய மனிதர்கள், அத்தனை பேரும் நெற்றி நிறைய விபூதி. சுந்தரவல்லியின் அப்பா ராத்திரி ரயிலில் வந்த கசங்கிய வேட்டியோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்க முடியாமல்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கருணாகரன் கையைக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்திருந்தான்.

கனகராஜ் ரிஜிஸ்டரைப் பிரித்து உரக்கப் படித்தார். "சுந்தரவல்லி. வயசு இருவத்துநாலு. கணவர் பேரு கருணாகரன். சரியா சிஸ்டர்?"

"சரி."

"என்ன நோய்க்கு ஊசி?"

"வெட்டை."

அவள் அப்பா முகத்தை மூடிக்கொண்டார். கருணாகரன் ஓர் அடி முன்னால் வந்தான். "அண்ணாச்சி, இனி நான் என்னத்தச் சொல்ல? அந்த ஆஸ்பத்திரியில நான் ஒரு நாளு கால் வச்சதுண்டா? பொஸ்தகத்துலயே பாத்துக்கிடுங்க, எங்கயாவது எம்பேர்ல ஒரு சீட்டு இருக்கான்னு."

கனகராஜ் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"எம் மக அப்படிப்பட்டவ இல்லய்யா" என்று அப்பா சொன்னார். பிறகு குரல் இறங்கி, "நான் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார்.

சுந்தரவல்லி என்னை ஒரு முறை பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. இவளும் இவர்களோடு சேர்ந்தவள்தானா என்று பார்க்கிற பார்வை. அதற்குமேல் டாக்டரின் தர்மத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"பொஸ்தகத்துல இவர் பேரு இல்ல அண்ணாச்சி. ஆளு கீறாரு" என்றேன். "தையில அஞ்சு நாளு, சித்திரைல அஞ்சு நாளு, ஆனில அஞ்சு நாளு. சேலம், ஜவஹர், விவசாயம். எடுத்துப் படிங்க."

"பொய்யி!" என்று கருணாகரன் கத்தினான். "எவனோ சேலத்துக்காரனுக்கு என்னய எதுக்குய்யா இழுக்கா?"

"கத்தாதீங்க. நான் பேரப் பாத்து ஊசி போடறதில்ல, போடற எடத்தப் பாத்துத்தான் போடறேன். பதினஞ்சு வாட்டி பாத்தா எதுவும் மூஞ்சி மாதிரி பழகிடும். இடது பக்கம், இடுப்புக்கு நாலு வெரக்கடை கீழ, புளியங்கொட்டை சைசுக்கு ஒரு மச்சம் கீது. பக்கத்துல கட்டி அறுத்த தழும்பு. நான் சொன்னத நம்ப வேணாம். உள்ள கூட்டிக்கினு போய் வேட்டிய எறக்கிப் பாருங்க."

யாரும் வேட்டியை இறக்க வேண்டியிருக்கவில்லை. கருணாகரனின் இடது கை தானாகப் பின்னால் போய் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டது. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவன்தான் கடைசியாகப் பார்த்தான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஐந்து விபூதி நெற்றிகளையும் வரிசையாகப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அவர்களில் இரண்டு பேர் எனக்கு ஏற்கெனவே பழக்கம், முகத்தால் அல்ல.

"இன்னும் ரெண்டு பேரோட அடையாளம் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

இரண்டு நாற்காலிகள் கிறீச்சிட்டன. கனகராஜ் அவசரமாக ரிஜிஸ்டரை மூடினார். அதற்குப் பிறகு நியாயம் பிறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஆம்பளைன்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்வான். நடந்தது நடந்துபோச்சி. ஏ கருணாகரா, பேசாம அவளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. வேற பொண்ணு பாக்க வேல எல்லாம் வேண்டாம்." அவள் செய்ததாக இருந்தபோது குலத்துக்கே இழுக்காக இருந்த நோய், அவன் செய்தது என்றானதும் முன்னப் பின்ன ஆகிவிட்டது. அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கனகராஜைக் கும்பிட்டார். கும்பிட்டதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் இப்பப் போகல" என்றாள் சுந்தரவல்லி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு நாலு ஊசி பாக்கி இருக்கு. அத மொதல்ல போட்டுக்கிடுதேன். அவிய சொந்தப் பேரையே எழுதி, முழுசா வைத்தியம் பாத்து, நோவு இல்லன்னு டாக்டரு காயிதம் வாங்கிட்டு வரட்டும். அதுவரைக்கும் என் அறையில தாப்பாதான். வெளியவிருந்து என்னயப் பூட்டுனாவளே, அந்தத் தாப்பாள இனிமே நான் உள்ளாற போடுவேன். அதுக்கப்புறமும் உறை போடாம எங்கிட்ட வரக்கூடாது. புள்ள வேணும்னா எப்ப வேணும்னு நான் சொல்லுதேன். இதுக்கு ஒத்துக்கிட்டா வாரேன். இல்லன்னா எங்க அப்பாவோட போறேன்."

"சபையில ஒரு பொம்பள பேசுத பேச்சா இது?" என்றார் கனகராஜ்.

"எனக்கு என்ன நோவுன்னு அஞ்சு ஆம்பளையளா ஒக்காந்து சத்தமாப் படிச்சியளே அண்ணாச்சி, அத நான் நின்னு கேட்டேம்லா? இத நீங்களும் கேட்டுக்கிடுங்க."

கருணாகரன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதை நம்பி ஒரு பைசா கொடுக்க மாட்டேன். அவளும் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். தொழில் தர்மத்தைக் காற்றில் விட்டுவிட்டேனாம். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அன்றைக்கு அந்தப் பாத்திரக்கடைப் படியில் நடந்ததை.

அவளை நான் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தேன். உடம்பு கொதித்தது. பாதிப் படியில் நின்றாள்.

"எனக்குப் புள்ள பொறக்குமா சிஸ்டர்?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. பொய் சொல்ல வாய் வந்தது, ஆனால் அவளிடம் எல்லோரும் சொன்னது அதுதானே.

"தெரியாது" என்றேன்.

அவள் தலையசைத்தாள். "அஞ்சு வருசமா எல்லாரும் எனக்குப் பொறக்காதுன்னு தெரிஞ்சவியளாத்தான் பேசினாவ. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்திதான்" என்றாள். பிறகு என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எனக்கு முன்னால் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிளினிக் பக்கமாக நடந்தாள்.